நூறுதானா சார்?

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்பது எனக்குத் தெரியும். பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன், இது கூடவா தெரியாது? எனக்குத் தெரியாமல் போனது எது மேடு, எது பள்ளம் என்பதுதான்.

எழுபதுகளின் கடைசியில் பாண்டிச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். மழை பெய்தால் எங்கள் மைதானத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். "அலோர், மாஸ்டர், நீங்கதான் கணக்கு. ஒரு வாய்க்கா போட்டுக் குடுங்க" என்றார் தலைமை ஆசிரியர். அவர் டவுன்காரர். பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போனபோது, 'அப்படியானால்' என்று அர்த்தமுள்ள இந்த 'அலோர்' மட்டும் ஏற மறந்து அவர் வாயிலேயே தங்கிவிட்டது. அது இல்லாமல் அவருக்கு வாக்கியம் தொடங்காது.

நானும் ஸ்கேல் வைத்துப் படம் போட்டு, மைதானத்திலிருந்து பின்பக்க வயல் வரைக்கும், கோடு கிழித்தாற்போல, முழுக்க ஒரே ஆழத்தில் வாய்க்கால் வெட்ட வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. அடுத்த மழைக்கு வயலில் நின்ற தண்ணீரெல்லாம் அந்த அழகான வாய்க்கால் வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. அட்மிஷன் கேட்டு வந்த மாதிரி நிதானமாக வந்தது. எட்டாம் வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் கெளுத்தி பிடித்தார்கள்.

ஊரே சிரித்தது. டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "வாத்தியாரே, எங்க கொல்லைல கெணறு வத்திப்போச்சு, ஒரு வாய்க்கா வெட்டிக் குடேன்" என்றார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டீச்சர். என்னைப் போலவே கணக்கு. பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவு எனக்கு, 'பி' பிரிவு அவருக்கு. எனக்கு நிரந்தர வேலை, அவருக்குத் தற்காலிகம்.

அன்றைக்குப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக வெகு நேரம் நின்றார்.

"சார், இது ஏன் உள்ள வருது?"

"மழை டீச்சர். இந்த வருஷம் மழை ஜாஸ்தி."

"ம்."

அப்புறம் கேட்டார்: "இதை நான் எடுத்துக்கட்டுமா சார்?"

"எதை?"

"இந்த வாய்க்காலை. 'பி' செக்‌ஷனுக்கு."

சக ஆசிரியர்கள் சாக்பீஸ் கடன் கேட்பார்கள், காம்பஸ் கேட்பார்கள். வாய்க்காலைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தேன். தாராளமாகக் கொடுத்துவிட்டேன்.

டீச்சரைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு: அந்தம்மாவுக்கு எந்தக் கணக்குக்கும் விடை தெரியாது. அதைக் கிளப்பிவிட்டவன் நான்தான் என்று நினைக்கிறேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. அவர் எதற்குமே விடை சொல்லமாட்டார். மணி என்ன டீச்சர் என்றால், "வேப்பமரத்து நெழல் எங்க இருக்குது பாருங்க" என்பார். பஸ் போய்விட்டதா என்றால், "ரோட்ல தூசி தெரியுதா பாருங்க." ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் மனைவி புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்று, "நல்லா இருக்குதா டீச்சர்?" என்று கேட்டாள். "நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்றார். என் மனைவி அந்தப் புடவையை அப்புறம் கட்டவேயில்லை. அவரையும் மறுபடி சாப்பிடக் கூப்பிடவில்லை.

வகுப்பிலும் அதே கதைதான். பலகையில் ஒரு கேள்வியை எழுதிப் போட்டுவிட்டு, பெஞ்சில் காலி இடம் பார்த்துப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்துகொள்வார். கன்னத்தில் கை. யாராவது எழுந்து ஏதாவது சொன்னால், "ம். அப்புறம்?" சரியான பதிலுக்கும் அதே 'ம்', தப்பான பதிலுக்கும் அதே 'ம்'. சுருதி துளியும் மாறாது. முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்கிற வித்தை எங்கள் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. என் முகத்தைப் பார்த்தே பலபேர் பாஸாகியிருக்கிறார்கள். டீச்சரிடம் அது பலிக்கவில்லை. வேறு வழியில்லாமல் கணக்கைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

நான் அப்படியில்லை. என்னிடம் கைடு இருந்தது. கைடில் இருப்பது என் வாய் வழியாகப் பலகைக்குப் போகும், அங்கிருந்து நோட்டுக்குப் போகும். நடுவில் யார் தலைக்குள்ளும் போகாது. சேதாரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

வாய்க்கால் கைமாறிய மறுநாள், 'பி' பிரிவு முழுக்க மைதானத்தில் நின்றது. டீச்சர் கேட்டது ஒரே கேள்விதான்: "இங்க நிக்கிற தண்ணிய எங்க அனுப்பறது?"

"வடக்கால பெரிய வடிகால் இருக்குது டீச்சர், அதுல வுட்டுட்லாம்" என்றான் ஏகாம்பரம். விவசாயி மகன், வாயாடி.

"அது இதைவிடப் பள்ளமா?"

"பாத்தாலே தெரியுதே டீச்சர்."

"சாரும் பாத்துதான் வெட்னாரு."

என் வகுப்பு ஜன்னலிலிருந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற கண்ணாடி மாதிரியான தண்ணீர்க் குழாய் ஒன்றை ஒரு பையன் அவன் அப்பாவிடமிருந்து கொண்டுவந்தான். அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்குமாம். நான் பி.எஸ்ஸி.யில் அதைப் படித்திருக்கிறேன், பிடித்துப் பார்த்ததில்லை. குச்சி நட்டுக் குறி போட்டுக்கொண்டே வடிகால் வரைக்கும் போனார்கள். முதல் நாள் போட்ட கணக்குப்படி வடிகால் பள்ளிக்கூரையை விட உயரத்தில் இருந்தது. குழாயில் காற்றுக்குமிழி. "ம். அப்புறம்?" என்றார் டீச்சர். மறுபடி அளந்தார்கள். வடிகால் பள்ளம்தான் என்று தெரிந்தது. ஆனால் பெரிய பள்ளமில்லை.

நேராக வெட்டினால் தண்ணீர் போய்விடும். அதில் ஒரே ஒரு சங்கடம். எங்கள் பக்கத்து நிலவரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: ஒரு வரப்பு பாண்டிச்சேரி, அடுத்த வரப்பு கடலூர் ஜில்லா, அதற்கடுத்தது மறுபடி பாண்டிச்சேரி. துண்டுத் துணியில் தைத்த பாவாடை மாதிரி இருக்கும். பள்ளிக்கூடமும் பாண்டிச்சேரி, வடிகாலும் பாண்டிச்சேரி. நடுவில் ஒரு வயல் மட்டும் தமிழ்நாடு.

பிள்ளைகள் அந்த வயலில் முதல் குச்சியை நட்டதுமே அதன் சொந்தக்காரர் மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

"இன்னாடா இது? பாண்டிச்சேரித் தண்ணிய எங்க தமிழ்நாட்ல வுடப்போறீங்களா?"

'பி' பிரிவில் தனலட்சுமி என்றொரு பெண். வயல்காரர் அவளுக்குத் தாய்மாமன்.

"மாமா, நம்ம பள்ளிக்கூடத்துத் தண்ணிதானே மாமா."

"நீ எனுக்கு அக்கா பொண்ணுதான், இல்லன்னல. வூட்டுக்கு வா, சோறு தின்னு. தண்ணிய இட்டுனு வராத. வூடு வேற, ஜில்லா வேற."

குச்சியைப் பிடுங்கி அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

டீச்சரிடம் வந்து முறையிட்டார்கள். நானாக இருந்தால் வயல்காரரிடம் கெஞ்சியிருப்பேன், இல்லை கலெக்டருக்கு மனு எழுதியிருப்பேன். டீச்சர் புதுக் கேள்வி போட்டார்: "நேராப் போவ முடியாது. சரி. எப்படிப் போறது?"

சுற்றித்தான் போக வேண்டும். வயலின் ஒரு வரப்பை ஒட்டிப் போய், மூலையில் திரும்பி, இன்னொரு வரப்பை ஒட்டி. இறக்கம் அதே அளவுதான், தூரம் அதிகம். அப்படியானால் சரிவு குறையும். குறைந்த சரிவில் தண்ணீர் ஓடுமா, நிற்குமா? இதற்கு நடுவில் ஏகாம்பரம் எழுந்து, "டீச்சர், கெழக்கால ஒரு வழி இருக்குது. சுத்துதான், ஆனா நேரா போறதவிடக் கிட்டக்க வரும்" என்றான்.

பெஞ்சே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"ம். கயிறு போட்டுப் பாரு."

அன்று சாயங்காலம் முழுக்க அந்த வகுப்பு தேங்காய்நார்க் கயிறும் கையுமாக வயலைச் சுற்றி ஓடியது. கிழக்கே ஓடினார்கள், மேற்கே ஓடினார்கள், குறுக்கே ஓடி மாமனிடம் திட்டு வாங்கினார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் நேர் வழிக்குப் போட்ட கயிறு போதவில்லை, கடைசியில் கொஞ்சம் குறைந்துகொண்டே இருந்தது. ஏகாம்பரம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, சேற்றோடு, தோற்றுப்போய்த் திரும்பி வந்தான். "எப்பிடிப் போனாலும் இடிக்குது டீச்சர். சுத்து வழி கம்மியாவே ஆவாது போல."

"ஏன்?"

"ஏன்னா... ஆவாது டீச்சர்."

"அந்த ஏனைக் கண்டுபுடிச்சிட்டு நாளைக்கு வா."

இதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். முக்கோணத்தில் இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவது பக்கத்தைவிட அதிகம் என்று கைடில் ஒரே வரியில் இருக்கிறது. நான் அதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருந்தேன். இதற்கா ஒரு சாயங்காலம், ஒரு மணங்கு கயிறு, இத்தனை சேறு?

தலைமை ஆசிரியரும் அதையேதான் கேட்டார். என்னையும் கூட வைத்துக்கொண்டே கேட்டார்.

"அலோர், டீச்சர், போர்ஷன் எங்க இருக்குது? மாஸ்டர் 'ஏ' செக்‌ஷனுக்கு எல்லாத்தையும் முடிச்சி ரெண்டாவது தடவை ஓட்டிக்கினு இருக்காரு. ஒங்க பசங்க இன்னும் வயல்ல இருக்காங்க. பப்ளிக் பரிட்சை வருது, பெத்தவங்க வந்து என்னைக் கேக்கறாங்க. பொங்கலுக்கு அப்புறம் ரெண்டு செக்‌ஷனுக்கும் ஒரே பேப்பர். ஒங்க பசங்க கம்மியா வாங்கினா, அன்னைலேர்ந்து 'பி' செக்‌ஷன் மாஸ்டர் கைல. வருஷக் கடைசில ஒங்க வேலையைப் பத்தி நான் எழுத வேண்டியதும் அதைப் பாத்துதான் எழுதுவேன்."

"ம்" என்றார் டீச்சர்.

வெளியே வந்து பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். மறுபடி மொண்டு குடித்தார். அவருடைய இரண்டு தம்பிகள் அவர் சம்பளத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது, 'பி' பிரிவும் என் தலையில் விழுந்தால் மத்தியானத் தூக்கம் போய்விடுமே என்பதுதான்.

பொங்கலுக்குள் அவர்கள் என் வாய்க்காலை மூடிவிட்டுப் புது வாய்க்காலை வெட்டிவிட்டார்கள். பள்ளிப் பக்கம் ஆழம் குறைவு, வடிகால் பக்கம் அதிகம். பார்க்க என்னுடையது அளவுக்கு அழகில்லை. தையில் எப்போதோ பெய்கிற மழை அந்த வருஷம் ஒருநாள் வந்தது. பிள்ளைகள் நனைந்துகொண்டே கரையில் நின்று கத்தினார்கள்: "போவுது டீச்சர்! போவுது!" தண்ணீர் மாமனின் வயலைச் சுற்றிக்கொண்டு, ஜில்லா எல்லையை மதித்து, மரியாதையாகப் போய் வடிகாலில் விழுந்தது. மாமனே வந்து நின்று பார்த்தார். டீச்சர் குடைக்கு அடியிலிருந்து கேட்டார்: "அந்த வேப்பமரத்து மூலைல மட்டும் ஏன் நிக்குது?"

அடுத்த வாரம் பரீட்சை. கேள்வித்தாள் தயாரித்தவன் நான். கைடிலிருந்து எடுத்ததாகத் தெரியக்கூடாதே என்று எண்களை மட்டும் அங்கங்கே மாற்றினேன். ஒரு முக்கோண வயலின் பக்கங்கள் கைடில் நாற்பது, ஐம்பது, எண்பது மீட்டர். பரப்பளவு காண்க. எண்பதை நூறாக்கினேன். நூறு நல்ல எண், பார்க்கவும் எடுப்பாக இருக்கும்.

பெரிய கொட்டகையில் இரண்டு பிரிவையும் கலந்து உட்கார வைத்தார்கள். என் கையெழுத்தைப் படிக்கத் தனியாக ஒரு பரீட்சை வைக்க வேண்டியிருக்கும் என்பதால் கேள்விகளைப் பலகையில் எழுதியவர் டீச்சர். ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தவர், அந்த வயல் கணக்கில் நின்றார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நூறுதானா சார்?"

என் எழுத்து புரியவில்லை போலிருக்கிறது என்று கொட்டகையின் கோடியிலிருந்து கத்தினேன்: "நூறு டீச்சர்! ஒண்ணு, சைபர், சைபர்! நூறு மீட்டர்!"

"ம்."

எழுதினார். சாக்பீஸைக் கீழே வைத்தார். அப்புறம் பரீட்சை முடிகிறவரை வாசற்பக்கம் போய் நின்றுகொண்டார். வகுப்புப் பக்கம் திரும்பவேயில்லை.

அவர் பிள்ளைகளின் தாளை நான் திருத்த வேண்டும், என் பிள்ளைகளின் தாளை அவர். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திருத்தினேன். அந்த வயல் கணக்குக்கு 'பி' பிரிவில் என் விடை ஒருவரிடமும் இல்லை. சிலர் தொடங்கிவிட்டு அடித்திருந்தார்கள். சிலர் ஏதோ எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் படம் போட்டு வைத்திருந்தார்கள்: ஒரு நீளக் கோடு, இரண்டு முனையிலிருந்தும் கிளம்பின இரண்டு குட்டைக் கோடுகள், நடுவில் இடைவெளி. ஏகாம்பரம் படத்துக்குக் கீழே, 'வரப்பு சேரல சார், மாடு பூந்துடும்' என்று எழுதியிருந்தான். பெரிதாகச் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன். தனலட்சுமி எழுதியிருந்தாள்: 'சுற்றிப் போகும் வழி நேர் வழியைவிடக் குறைவாக இருக்காது. கேள்வியை மறுபடி பார்க்கவும்.'

எனக்கு வந்ததே கோபம். மூன்றாவது பெஞ்சுப் பெண் எனக்கு உத்தரவு போடுகிறாள். எதிர் மேசையில் என் பிள்ளைகளின் தாளைத் திருத்திக்கொண்டிருந்த டீச்சரிடம் தாளை நீட்டினேன்.

"பாத்தீங்களா டீச்சர், திமிர! கேள்விய மறுபடி பாக்கணுமாம்! இதுக்கு இன்னா மார்க்கு போடறது?"

படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் ஏதோ நடந்தது. அவசரமாகக் குனிந்துகொண்டார்.

"வரைஞ்சு பாத்துட்டுப் போடுங்க சார்."

வரைந்தேன். நூறுக்கு ஒரு கோடு. ஒரு முனையிலிருந்து நாற்பதுக்கு ஒரு வில், இன்னொரு முனையிலிருந்து ஐம்பதுக்கு ஒரு வில். இரண்டும் சந்திக்கவில்லை. காம்பஸ் லொடலொடக்கிறது என்று வேறு காம்பஸ் வாங்கி வந்து வரைந்தேன். அதுவும் லொடலொடத்தது. பென்சிலைச் சீவினேன். மூன்றாவது தடவை விற்கள் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு சண்டைக்காரப் பங்காளிகள் மாதிரி விலகி நின்றபோதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. நாற்பதும் ஐம்பதும் தொண்ணூறு. தொண்ணூறை வைத்துக்கொண்டு நூறு மீட்டர் வரப்பை எப்படிச் சுற்றி வளைப்பது?

"அப்ப என் பசங்க இன்னா எழுதினாங்க டீச்சர்?"

அவர் தாள்கட்டை என் பக்கம் நகர்த்தினார். 'ஏ' பிரிவு மொத்தமும் அச்சுப் பிசகாமல் ஒரே விடை. சூத்திரப்படி போட்டால் வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்திருக்க வேண்டும். வந்தும் இருக்கிறது. எல்லாரும் அதை அடித்துவிட்டு ப்ளஸ் போட்டிருந்தார்கள். "வயலோட பரப்பு மைனஸா வராதுடா, வந்தா ப்ளஸ் போட்டுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தவன் யார் என்று கேட்காதீர்கள். உலகத்தில் இல்லாத வயலை என் பிள்ளைகள் துல்லியமாக அளந்து வைத்திருந்தார்கள். டீச்சர் அவற்றுக்குப் பெருக்கல் குறி போடவில்லை. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

மற்றக் கணக்குகளில் என் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் மார்க். இந்த ஒரு கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ, 'பி' பிரிவும் அந்தப் பக்கம். தாள்களை எடுத்துக்கொண்டு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். போகிற வழியில், பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பேசாமல் இருந்தால் என் மத்தியானத் தூக்கம் போய்விடும் என்று இன்னொரு யோசனை வந்து அதை அடித்துத் தள்ளியது. என் நேர்மை பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்யும்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். காம்பஸை வாங்கித் தானே ஒருமுறை வரைந்தார். தாளைத் திருப்பி வைத்து வரைந்தார்.

"அலோர், இப்ப யாரு பெயிலு?"

"நான்தான் சார்."

தலையைச் சொறிந்துகொண்டார். "பசங்க டீச்சர்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "நீங்க கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் வெட்டாதீங்க."

பப்ளிக் பரீட்சையில் இரண்டு பிரிவிலும் பாஸானவர்களும் உண்டு, கோட்டை விட்டவர்களும் உண்டு. ஏகாம்பரம் கோட்டை விட்டான், அப்புறம் எழுதித் தேறினான். டீச்சரைப் பற்றித் தலைமை ஆசிரியர் நல்லவிதமாகத்தான் எழுதினார். அவ்வளவு நல்லவிதமாக எழுதியதால் வேலை நிரந்தரமாகி, காரைக்காலுக்குப் போட்டுவிட்டார்கள்.

கடைசி நாள், பள்ளிக்கூடத்தில் இருந்த அவர் புத்தகங்களை அடைத்த டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரை நான்தான் போனேன். வெயில். பிள்ளைகள் எல்லாம் அழுது முடித்துத் திரும்பிப் போயிருந்தார்கள்.

"பஸ் வருமா டீச்சர்?"

"தூசி தெரியுதா பாருங்க சார்."

தெரிந்தது. எனக்குப் பல மாதமாகத் தொண்டையில் நின்ற ஒன்றைக் கேட்க அவ்வளவு நேரம்தான் இருந்தது.

"அன்னைக்கு போர்டுல எழுதறப்பவே ஒங்களுக்குத் தெரியும், இல்ல டீச்சர்? தப்பு சார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"ம்."

அந்த 'ம்' எந்த 'ம்' என்று கண்டுபிடிக்க முடியாமல் நின்றேன். பஸ் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றினேன். அவர் படியில் கால் வைத்தார்.

"பசங்க அதக் கண்டுபுடிக்காம வுட்டிருந்தா, ஒங்க வேலை இன்னா ஆயிருக்கும் டீச்சர்?"

நீங்க இன்னா நெனைக்கிறீங்க சார் என்பார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பி என்னை நேராகப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் யாருக்கும் சொன்ன ஒரே விடை அதுதான்.

"அப்ப நான் போறதுதான் சார் நாயம்."